கல்லிலே வாழும் சோழ அரசிகள்

சென்ற தை மாதம் அறுவடை முடிந்து களம் காலியாகியிருந்த சமயம். சென்னையிலிருந்து என் நாத்தனாரும் அவள் பெண்ணும் பொங்கலுக்கு வந்திருந்தார்கள். பெண் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது பேச்சு ஊர் சுற்றிப் பார்ப்பதில் வந்து நின்றது.

"ராஜா காலத்துக் கல் சிற்பம்னா மாமல்லபுரம்தான் அண்ணி. மலையையே குடைஞ்சு வெச்சிருக்காங்க. நம்ம பக்கம் என்ன இருக்கு? எங்கே திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான்" என்றாள் நாத்தனார். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள்!

பெண் விடவில்லை. "அம்மா, மாமல்லபுரத்துல ஆதிவராகர் குகையிலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன்னு ரெண்டு பல்லவ ராஜாக்கள் சிற்பம் இருக்கு. ராஜாக்கள் பேரைத் தலைக்கு மேலே வெட்டியிருக்காங்க. ஆளுக்கு ரெண்டு ராணி பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்க பேர் என்ன? யாரும் எழுதி வைக்கலை. ராணிங்களைப் பேரோட தெரிஞ்சுக்கணும்னா தஞ்சாவூர்ப் பக்கம்தாம்மா வரணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்துநாலு வருஷமாகிறது. பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். சுவரில் எழுத்து இருக்கிறது என்று தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? மறுநாளே மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். மூன்று நாட்கள் சுற்றினோம். பார்த்ததையும் அந்தப் பெண் சொல்லிக் கேட்டதையும் வாசகிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மலை இல்லாத ஊரில் ஒரு மலை

முதலில் தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் ராஜராஜ சோழன் கட்டி 1010இல் முடித்த கோயில் இது. 2010இல் ஆயிரம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். 1987இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

மாமல்லபுரத்தில் பாறை அங்கேயே இருந்தது, உளி எடுத்துச் செதுக்கினார்கள். தஞ்சாவூரிலோ தோண்டினால் வண்டல் மண்தான். அம்மிக்கல் வேண்டுமென்றாலும் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் 216 அடி உயரத்துக்குக் கருங்கல்லால் ஒரு விமானம்! புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து கல்லைக் கொண்டுவந்திருக்கிறார்கள். காவிரி நாட்டு நெல் விளைச்சலும், மாடுகளும், மனிதர்களும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. இந்த ஊரில் கல் என்றால் அது அவ்வளவு அருமையான பொருள். அந்தக் கல்லில் ஒருவர் பெயரை வெட்டினார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய மரியாதை, யோசித்துப் பாருங்கள்.

இத்தனை பெரிய கோயிலைக் கட்டியவன் யார் என்பதையே நாம் ஒரு காலத்தில் மறந்திருந்தோம். கரிகாலன் கட்டியது என்று தல புராணம் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹூல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் சந்தேகமில்லாமல் தெரிந்தது. சுவரில் கொட்டை எழுத்தில் இருந்ததை ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் வந்து படிக்க வேண்டியிருந்தது!

"நம் அக்கன்"

விமானத்தின் அடிப்பகுதியில் சுற்றிலும் வரிவரியாக எழுத்துகள். அதில் முக்கியமான ஒன்றைப் பெண் காட்டினாள். ராஜராஜன் தன் 26ஆவது ஆட்சி ஆண்டில், அரண்மனையின் திருமஞ்சன சாலையில் இருந்தபோது இட்ட உத்தரவு அது. இந்தக் கோயிலுக்குத் தான் கொடுத்தவை, தன் அக்கா கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, பிறகு மற்றவர்கள் கொடுத்தவை, எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டுங்கள் என்கிறான்.

வரிசையைக் கவனித்தீர்களா? தனக்கு அடுத்தபடி அக்கா. மனைவிகள் அதற்கப்புறம்தான். "நம் அக்கன்" என்று வாய் நிறையச் சொல்கிறான். அந்த அக்காதான் குந்தவைப் பிராட்டியார். நாத்தனார் இதைக் கேட்டதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "பார்த்தீங்களா அண்ணி, அந்தக் காலத்துலேயே நாத்தனாருக்குத்தான் முதல் மரியாதை!"

குந்தவை பொன்னும் பாத்திரங்களும் மட்டும் கொடுக்கவில்லை. தன் தகப்பனார் சுந்தர சோழருக்கும் தாயாருக்கும் செம்பில் திருமேனி செய்வித்துக் கோயிலில் வைத்து, அவற்றுக்குப் படையல் நடக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார். தகப்பனார் பெயரிலேயே தஞ்சையில் ஓர் ஆதுலர் சாலையும், அதாவது ஆஸ்பத்திரியும், இருந்திருக்கிறது. அதற்கும் குந்தவை கொடை கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவன், பெருமாள் கோயில்களோடு சமணப் பள்ளி ஒன்றையும் கட்டியவர் இவரே.

நகைக் கணக்கைக் கேட்டால் நகைக்கடைக்காரரே அசந்துபோவார். எத்தனை முத்து, எத்தனை பவழம், எத்தனை மாணிக்கம் என்று எண்ணி, சரடு, சட்டம் எடையை நீக்கி, அரக்கு எடையைத் தனியே சொல்லி எழுதியிருக்கிறார்கள். முத்திலே வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து என்று ரகம் பிரித்திருக்கிறார்கள். இன்றைக்கு நாம் சங்கிலி வாங்கும்போது கல் எடையையும் சேர்த்துத் தங்க விலை போடுகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அந்தக் கணக்கு சுத்தமாக இருந்திருக்கிறது.

வாழைப்பழக் கணக்கு

எனக்கு மிகவும் பிடித்தது வாழைப்பழக் கல்வெட்டு. பிள்ளையாருக்குத் தினம் 150 வாழைப்பழம் படைக்க வேண்டும் என்று ராஜராஜன் 360 காசு கொடுத்து, அதைத் தஞ்சை வியாபாரிகளிடம் முதலாக வைத்தான். ஒரு காசுக்கு வருஷ வட்டி அரைக்கால் காசு. ஒரு காசுக்கு 1200 பழம் கிடைக்கும்.

கைப்பையிலிருந்து மளிகைச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டேன். தினம் 150 பழம் வீதம் 360 நாளைக்கு 54,000 பழம். காசுக்கு 1200 என்றால் 45 காசு ஆகிறது. 360 காசுக்கு அரைக்கால் வீதம் வட்டியும் அதே 45 காசு! ஒரு பழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் கரையாமல் வட்டியிலேயே என்றென்றும் பூஜை நடக்க வழி செய்திருக்கிறான். குடும்பம் நடத்துகிற நமக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

இன்னொரு பெரிய பட்டியல், கோயிலில் ஆடவும் பாடவும் சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வரப்பட்ட 400 பெண்களுடையது. ஒவ்வொருத்தி பெயர், அவள் வந்த ஊர், குடியிருக்கும் தெருச் சிறகு, எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. தலைக்கு ஒரு பங்கு. அதற்கு வருஷம் 100 கலம் நெல். ஒருத்தி இறந்துபோனால் தகுதியுள்ள உறவினருக்கு அந்தப் பங்கு போகும். அரசிகள் பெயர் நிலைப்பது ஆச்சரியமில்லை. இன்ன தெருவில் இன்ன வீட்டில் இருந்த ஒருத்தியின் பெயர் ஆயிரம் வருஷம் நிலைத்திருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ரேஷன் கார்டில் என் பெயரைத் திருத்தவே நான் மூன்று முறை அலைந்தேன்!

கணவர் பெயரில் கட்டிய கோயில்

இரண்டாம் நாள் கும்பகோணம் பக்கம். ஆடுதுறை என்றால் நமக்கு நெல் ஆராய்ச்சி நிலையமும் ஏ.டி.டி. விதை நெல்லும்தான் ஞாபகம் வரும். அங்கேயுள்ள ஆபத்சகாயேசுவரர் கோயில் சுவரில், சிவலிங்கத்தை வணங்கும் ஓர் அரசியின் சிறிய சிற்பம் இருக்கிறது. அவர்தான் செம்பியன் மாதேவியார்.

இவரைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மழவரையர் குலத்தில் பிறந்து கண்டராதித்த சோழரை மணந்தவர். கையில் குழந்தையோடு கணவரை இழந்தார். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் உத்தம சோழன் என்ற பெயரில் அரசாண்டான். அதன் பிறகும் வெகுகாலம் வாழ்ந்து, ராஜராஜன் காலத்தையும் பார்த்தவர். அந்த நீண்ட வாழ்நாளை அவர் மூலையில் உட்கார்ந்து கழிக்கவில்லை. செங்கல்லாக இருந்த பழைய கோயில்களை ஒவ்வொன்றாகக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். ஆடுதுறை, கோனேரிராஜபுரம், திருக்கோடிக்கா, விருத்தாசலம், திருவாரூர் அரநெறி என்று அந்த வரிசை நீளும்.

கோனேரிராஜபுரத்துக்குக் கும்பகோணம் – காரைக்கால் சாலையில் எஸ்.புதூரில் பிரிந்து போக வேண்டும். பெரிய நடராஜர் திருமேனியைத் தரிசிக்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நாங்கள் கருவறையின் தெற்குச் சுவர்ப் பக்கம் போனோம். சிவலிங்கத்தை ஓர் அரசர் வணங்குவதுபோல் ஒரு சிற்பம். தன் கணவர் கண்டராதித்த தேவர் பெயரால் மாதேவியார் இந்தக் கற்றளியைச் செய்வித்ததையும், வணங்குகிறவர் அந்தக் கண்டராதித்தரே என்பதையும் அங்கேயே எழுதியிருக்கிறது. கோயிலைக் கட்டிய சிற்பி ஆலத்தூர் சாத்தன் குணபத்தன் பெயரும் அங்கே உண்டு.

கட்டியது அவர். செலவும் அவருடையது. பெயர் கணவருக்கு. "இதைத்தானே நாமும் தினம் பண்றோம்!" என்றாள் நாத்தனார். சிரித்தோம். ஆனால் அந்த அம்மாள் தன் பெயரையும் விட்டுவிடவில்லை. இன்னார் செய்வித்தது என்று கல்லில் சொல்லித்தான் வைத்தார்.

நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயரிலேயே செம்பியன்மாதேவி என்று ஓர் ஊர் இருக்கிறது. அவருடைய உருவம் என்று பலரும் கருதும் அழகான செப்புத் திருமேனி ஒன்றை, அமெரிக்காவில் வாஷிங்டனில் இருக்கும் பிரீயர் கலைக்கூடம் 1929இல் வாங்கியது. நம் ஊர் அரசி கடல் கடந்து கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார் என்று கேட்டதும் மனசு கனத்துவிட்டது.

பழையாறைப் பக்கம், பட்டீஸ்வரத்தை ஒட்டி இருக்கும் இராமநாதன் கோயில் இன்னொரு ஆச்சரியம். ராஜராஜனின் தேவியான பஞ்சவன் மாதேவிக்கு ராஜேந்திர சோழன் எடுப்பித்த பள்ளிப்படை அது. ராஜேந்திரனைப் பெற்றவள் வானவன் மாதேவி. பஞ்சவன் மாதேவி சிற்றன்னைதான். சிற்றன்னைக்குக் கோயில் எடுத்த பிள்ளை! மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று கதை சொல்லும் நாம் இதையும் நம் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

கல்லிலே ஒரு பிரசவம்

மூன்றாம் நாள் தாராசுரம். கும்பகோணத்திலிருந்து 4 கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஒரு பக்கம் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை என்று தெரியும் சிற்பத்தைப் பார்த்துக் குழந்தைகள் குதிக்கிறார்கள். அறுபத்துமூவர் கதைகள் முழுவதும் சிறிய சிறிய சிற்பங்களாக இருக்கின்றன.

என் கண் நின்றது உள்ளங்கை அகலச் சிற்பம் ஒன்றில். பிரசவ வேதனையில் நிற்கும் ஒரு பெண். இரண்டு பெண்கள் இரு பக்கமும் அவளைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அரசர் கட்டிய கோயிலில், தெய்வங்களுக்கும் அடியார்களுக்கும் நடுவே, ஒரு பிரசவத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நின்றபடி பிள்ளை பெறுவதை எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் முதல் பிரசவத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த என் அம்மாவின் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

சோழர் காலத்தில் வைத்தியம் எப்படி நடந்தது என்பதற்கும் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைச் சொல்கிறது. வைத்தியர், அறுவைச் சிகிச்சை செய்பவர், பணிவிடை செய்யும் பெண்கள், மருந்துச் சரக்குகள், ராத்திரி எரிய விளக்குக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் நெல்லும் காசும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நான் ஏற்றிய விளக்கு

இப்போது சொல்லப்போவதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில், கருவறையின் வடக்குச் சுவரில் கை கூப்பி நிற்கும் ஒரு பெண் சிற்பம் உண்டு. முழ உயரம்கூட இருக்காது. என்னைக் கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமை என் மாமியார் அங்கே கூட்டிக்கொண்டு போய், "இவங்க விளக்கம்மா. எண்ணெய் தடவிக் குங்குமம் வெச்சு விளக்கேத்தினா வீடு விளங்கும்" என்றார். அன்று முதல் நானும் தெருப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் செய்து வந்தோம். அகலைச் சிற்பத்தின் காலடியில், சுவரை ஒட்டியே வைப்போம்.

கடைசி நாள் சாயங்காலம் பெண்ணை அங்கே அழைத்துப் போனேன். அவள் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து உற்றுப் பார்த்தாள். "அத்தை, இது சாமி இல்லை. இந்தக் கோயிலுக்கு ஏதோ கொடுத்த ஒரு அம்மா. கீழே எழுத்து இருக்கு பாருங்க. பேருன்னு நினைக்கிறேன்" என்றாள். அப்புறம் மெதுவாக, "ஆனா படிக்க முடியலை அத்தை" என்றாள். விளக்கின் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் கல்லின் மேல்தோல் பொரிந்து உதிர்ந்திருந்தது. முதல் எழுத்து ஒன்று மட்டும் தெரிந்தது. மற்றவை போய்விட்டன.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த மகராசியோ, என்ன கஷ்டப்பட்டு எவ்வளவு கொடுத்தாளோ, தன் பெயரைக் கல்லில் வைத்துவிட்டுப் போனாள். பக்தியோடு நாங்களே அதை அழித்துவிட்டோம். என் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு இப்போது ஒருத்தி சொல்லிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தெருப் பெண்களைக் கூட்டிச் சொன்னேன். ஒருத்தி, "விளக்கை நிறுத்தினா குடும்பத்துக்கு ஆகாது" என்றாள். "நிறுத்த வேண்டாம், நாலடி தள்ளி வைப்போம்" என்றேன். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, தட்டு வைத்த இரும்பு விளக்குத் தண்டு ஒன்று செய்து, சுவரை விட்டுத் தள்ளி வைத்தோம். இப்போது எல்லா விளக்கும் அதில்தான்.

சோதனைபோல அந்தச் சமயம் கோயிலில் திருப்பணி தொடங்கியது. சுவர் முழுவதையும் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம், பளபளவென்று இருக்கும் என்று வேலைக்கு வந்தவர் சொன்னார். அப்படிச் செய்தால் கல்லின் மேல்பகுதியே அரைபட்டு எழுத்துகள் மழுங்கிவிடும் என்று கல்வெட்டு அறிந்தவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். நாங்கள் நாற்பது பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். நல்லவேளை, கேட்டார்கள். தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டுதான் சுவரைக் கழுவினார்கள். விளக்கம்மா பெயர் திரும்பி வராது. ஆனால் மற்ற சுவர்களின் எழுத்துகள் பிழைத்தன.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

தஞ்சாவூரில் ஒரு நாளும் கும்பகோணத்தில் இரண்டு நாளும் தங்கினால் நிதானமாகப் பார்க்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவே 40 கிலோமீட்டர். கிராமத்துக் கோயில்கள் மத்தியானம் நடை சாத்திச் சாயங்காலம்தான் திறப்பார்கள். அதற்குத் தகுந்தபடி கிளம்புங்கள்.

கும்பகோணம் நகரிலேயே நாகேசுவரன் கோயிலைத் தவறவிடாதீர்கள். முற்காலச் சோழர் காலத்துக் கோயில். கருவறைச் சுவரில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த ஆண், பெண் உருவங்கள் உயிரோடு நிற்பதுபோல் இருக்கும். அந்தப் பெண்களின் கொண்டையையும் நகைகளையும் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். கங்கைகொண்ட சோழபுரம் இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். வடக்குப் படிக்கட்டருகில், சிவபெருமான் சண்டேசுவரர் தலையில் பூமாலை சுற்றும் சிற்பத்தைக் கட்டாயம் பாருங்கள்.

காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில்தான் கல்வெட்டு எழுத்து நன்றாகத் தெரியும். தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள். பிசுக்கைப் போக்குகிறேன் என்று புளி, அரப்பு, ஆசிட் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். சிற்பத்தின் மேல் சூடம் ஏற்றாதீர்கள். பிரகாரத்தில் கல் தரை கொதிக்கும். காலுக்குப் பருத்திக் காலுறை இருக்கட்டும். குடிக்கக் கொதித்து ஆறிய தண்ணீரும், கையில் கட்டுச் சாதமும் எடுத்துப் போனால் வயிற்றுக்கு உபத்திரவம் இல்லை.

ஊருக்குக் கிளம்பும்போது நாத்தனார், "அடுத்த தைக்கும் வர்றேன் அண்ணி. வீட்டுல சும்மா உக்கார வெச்சுடாதீங்க" என்றாள். அவள் பெண் தன் நோட்டில் விளக்கம்மாவின் சிற்பத்தை வரைந்து, கீழே எஞ்சியிருந்த அந்த ஒரே எழுத்தையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அது "ந" என்ற எழுத்து. நங்கையா, நக்கனா, நாச்சியா, தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நாலடி தள்ளி நின்று விளக்கேற்றும்போது நான் மனசுக்குள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.